இன்சுலின் ஊசியும் பெற்றோரின் அமானிதமும்

மக்கட்செல்வம் அல்லாஹ் நம் கையில் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அமானிதத்தைப் பற்றி நாளை விசாரணை உண்டு என்பதை நாமனைவரும் அறிவோம். பிள்ளைக்குக் கலிமா சொல்லிக் கொடுப்பதும், தொழுகைக்குப் பழக்குவதும், ஹலாலான உணவை ஊட்டுவதும் எப்படிப் பெற்றோரின் கடமையோ, அப்படியே அந்தப் பிள்ளையின் உடலைப் பேணுவதும் கடமைதான். இதிலே பெரும்பாலான குடும்பங்கள் சரியாக அறிந்திராத ஒரு நோயைப் பற்றியே இந்த இதழில் பார்க்கப் போகிறோம். அது குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய், அதாவது நீரிழிவு.

"சர்க்கரை நோயா? அது வயதானவர்களுக்கல்லவா வரும்?" என்று பலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியிலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. நோயை அறியாததால் பல பிள்ளைகள் கண்டுபிடிக்கப்படுமுன்பே உயிரிழக்கின்றனர். கண்டுபிடித்த பிறகும் ஊசியை நிறுத்திவிடுவதால் சில பிள்ளைகள் உயிரிழக்கின்றனர். இரண்டும் தடுக்கக் கூடியவை. ஆகையால் தாய்மார்களும் தந்தைமார்களும் இதைப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

இரு வகை நோய்கள்

பெரியவர்களுக்குச் சாதாரணமாக வரும் சர்க்கரை நோயில் உடம்பில் இன்சுலின் என்னும் சுரப்பு ஓரளவு இருக்கும். ஆனால் அது சரிவர வேலை செய்யாது. அதற்கு மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் பயன் தரும். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. இதை முதலாம் வகை என்பார்கள். வயிற்றின் உட்பகுதியில் இருக்கும் கணையம் என்ற உறுப்பில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்கள் உள்ளன. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தவறுதலாக அந்த அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. அதனால் இன்சுலின் சுரப்பே அற்றுப் போகிறது.

இன்சுலின் இல்லாவிட்டால் பிள்ளை உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி ரத்தத்திலேயே தங்கிவிடும். உடம்பின் அணுக்களுக்குள் நுழையாது. வீட்டிலே அரிசி மூட்டை இருந்தும் அடுப்பு எரியாத நிலை அது. சர்க்கரை சிறுநீரில் வெளியேறும். உடம்போ தன் கொழுப்பையும் தசையையும் எரித்துத் தின்னத் தொடங்கும்.

இந்நோய் இனிப்பு அதிகம் தின்றதால் வருவதில்லை. தாய் கருவுற்றிருந்தபோது எதையோ சாப்பிட்டதாலும் வருவதில்லை. தொற்று நோயும் அல்ல. கண்ணேறுபட்டதால் வந்தது என்று எவரையும் பழிக்கவும் வேண்டாம். தாயைக் குற்றம் சொல்லும் பழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது; இந்த நோயில் அதற்குச் சற்றும் இடமில்லை.

அடையாளங்கள்

கீழ்க்கண்டவற்றை ஒவ்வொரு தாயும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

1. பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். படுக்கையில் நனைப்பதை விட்டொழித்த பிள்ளை மறுபடி நனைக்கும். சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்க்கும்.
2. தீராத தாகம். இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்கும்.
3. நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலியும்.
4. ஓயாத களைப்பு. விளையாட்டில் நாட்டமின்மை.

இவை தோன்றியும் கவனிக்காமல் விட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சிலே அழுகிய பழம் போன்ற வாடை, பிறகு மயக்கம் என்று முற்றிவிடும். இதைச் சாதாரண வயிற்றுவலி என்று எண்ணிக் கஷாயம் கொடுப்போரும், மூச்சிரைப்பு நோய் என்று எண்ணுவோரும், ஷைத்தானின் தீண்டல் என்று எண்ணித் தாயத்துக்கு ஓடுவோரும் உண்டு. ஒரு சொட்டு ரத்தத்தை விரல் நுனியிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்திற்குள் உண்மை தெரிந்துவிடும். ஆகவே இந்த அடையாளங்களுடன் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது, "சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்" என்று மருத்துவரிடம் நாமே கேட்க வேண்டும்.

இன்சுலின் வந்த வரலாறு

நூறாண்டுகளுக்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளை பிழைத்ததில்லை. பட்டினி போட்டுச் சில மாதங்கள் ஆயுளை நீட்டிப்பதே அன்றைய சிகிச்சையாக இருந்தது. 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவரும், மக்லியாட், கொலிப் ஆகியோரும் சேர்ந்து உழைத்ததில் இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து போதிய தூய்மையாக இல்லாததால் முதல் முயற்சி பலிக்கவில்லை. தூய்மைப்படுத்தி ஜனவரி 23இல் மறுபடி போட்டபோது சாகக் கிடந்த சிறுவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அந்த மருந்தின் உரிமையைத் தலைக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் 1923இல் ஒப்படைத்துவிட்டனர். உலக மக்கள் அனைவருக்கும் பயன்பட வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றது. அப்படியிருந்தும் ஏழை நாடுகளின் பிள்ளைகள் பலருக்கு அது இன்னும் எட்டாக் கனியாகவே இருக்கிறது. அப்பிள்ளைகளுக்கு உதவுவதற்காகவே ஆஸ்திரேலியாவை இருப்பிடமாகக் கொண்டு 2000ஆம் ஆண்டில் ஓர் உதவித் திட்டம் தொடங்கப்பட்டது.

நம் மாநிலம் இதில் பல நாடுகளைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை உள்ளது. ஸ்டான்லி மருத்துவமனையும் உள்ளது. பேராசிரியர் எம். விசுவநாதன் அவர்கள் 1954இல் நிறுவிய நீரிழிவு மருத்துவமனை வடசென்னையின் இராயபுரத்திலேயே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022இல் இந்த முதலாம் வகை நோய்க்கென்றே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எனவே, "ஏழைக்கு வழியில்லை" என்று கைவிரிக்க நமக்கு நியாயமில்லை. ஆனால் மருந்து இலவசம் என்பதால் எல்லாம் சுலபம் என்றும் சொல்லிவிட முடியாது.

லைட்ஹவுஸ் குப்பத்தை எண்ணிப் பார்ப்போம்

திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடையே லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் பழவேற்காடு. அங்கே நம் சமூகத்தார் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். பெண்கள் பனை ஓலையில் கூடை முடைவதில் பெயர் பெற்றவர்கள். குப்பங்களிலோ மீன், இறால், நண்டு இவற்றை நம்பிய வாழ்க்கை. ஏரியில் இன்று பாடு உண்டு, நாளை இல்லை என்ற கணக்கு. அங்கிருந்து பொன்னேரி வந்து, பிறகு சென்னை போய்த் திரும்புவதற்கு ஒரு முழு நாள் ஆகிவிடும். மருந்து இலவசமானாலும் வண்டிச் சத்தம் இலவசமல்ல. அன்றைய கூலியும் போய்விடும். ரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் பட்டைகளுக்குச் செலவு உண்டு. மழைக்காலத்தில் புயல் வந்தால் மின்சாரமும் பாதையும் நின்று போகும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் வந்தால் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? எந்தக் கடற்கரை ஊருக்கும் பொருந்தும்படி அதைச் சொல்கிறோம்.

மருந்தைப் பாதுகாக்கும் முறை

இன்சுலின் வெப்பத்தில் வலுவிழக்கும்; உறைந்து போனாலோ முற்றிலும் கெட்டுவிடும். திறக்காத குப்பிகளைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் உறையும் மேல்தட்டில் வைக்கக் கூடாது. திறந்து பயன்படுத்தும் குப்பியை வீட்டின் குளிர்ச்சியான இடத்தில் வெயில் படாமல் ஏறக்குறைய நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மண்பானை உதவும். பெரிய பானையில் ஈரமணல் இட்டு, அதற்குள் சிறு பானையை வைத்து, மருந்தை நீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. நீர் விரைவில் ஆவியாகாது. உள்நாட்டு ஊர்களில் குளிர்வதைப் போல அங்கே பானை குளிராது. எனவே பானையில் நடப்புக் குப்பியை மட்டும் வைத்து, இருப்புக் குப்பிகளைக் குளிர்பெட்டி உள்ள ஓர் இடத்தில் வைப்பதே நல்லது. இதில் அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டாம். கென்யா நாட்டின் அகதி முகாம் ஒன்றின் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்து, 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறியிறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இருந்த இன்சுலின் தன் வலுவை இழக்கவில்லை என்று 2021இல் வெளியிட்டிருக்கிறார்கள். குளிர்பெட்டி இல்லை என்பதற்காக எவரும் இன்சுலினைக் கைவிட வேண்டியதில்லை.

மீனவ ஊரில் இன்னொரு ஆபத்து உண்டு. மீன் வைக்கும் ஐஸ் பெட்டி கையருகே இருக்கும். "குளிர்ச்சிதானே வேண்டும்" என்று மருந்துக் குப்பியை ஐஸ்கட்டியின் மீதே வைத்துவிடுவார்கள். குப்பி உறைந்துவிடும். உருகிய பின் பார்வைக்கு முன்போலவே இருக்கலாம். ஆனால் அதன் வலுவை நம்ப முடியாது. அதைப் போட்டும் சர்க்கரை இறங்காது. பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. ஐஸ் உள்ள பெட்டியில் கொண்டு செல்ல நேர்ந்தால் குப்பியைத் துணியில் நன்றாகச் சுற்றி, ஐஸ் தொடாதபடி தள்ளி வைக்க வேண்டும்.

ஊசி போடும்போது

குப்பியில் 40 என்றும் 100 என்றும் இரு அளவுகள் உண்டு. நம் நாட்டில் குப்பிகள் பெரும்பாலும் 40. அதற்குச் சிவப்பு மூடியுள்ள 40 ஊசியையே பயன்படுத்த வேண்டும். 100 குப்பிக்கு ஆரஞ்சு மூடியுள்ள ஊசி. இவற்றை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 40 குப்பி மருந்தை 100 ஊசியில் 10 கோடு வரை எடுத்தால் பிள்ளைக்குச் சேர்வது 4 யூனிட்தான். 100 குப்பி மருந்தை 40 ஊசியில் 10 கோடு வரை எடுத்தாலோ 25 யூனிட் போய்விடும். அது உயிருக்கே உலை வைக்கும். மருந்து வாங்கும்போது குப்பியையும் ஊசியையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள்.

தொடை, வயிறு, மேற்கை, பிட்டம் ஆகிய இடங்களில் மாற்றி மாற்றித் தோலுக்கடியில் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் கட்டி விழுந்து மருந்து சரியாக ஏறாது. கலங்கலாக இருக்கும் வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்ட வேண்டும். நாளுக்கு எத்தனை ஊசி, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். வளரும் பிள்ளைக்குச் சோறும் மீனும் முட்டையும் காய்கறியும் வேண்டும். அளவும் நேரமும் ஒழுங்காக இருந்தால் போதும். காய்ச்சல் வந்து பிள்ளை சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. நோய்க்காலத்தில் சர்க்கரை ஏறுவதே வழக்கம். அடிக்கடி பரிசோதித்து மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சர்க்கரை தாழ்ந்தால்

ஊசி போட்டபின் சாப்பாடு தாமதித்தாலும், அதிகம் ஓடியாடினாலும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும். நடுக்கம், வியர்வை, கடும்பசி, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள்; தேறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தேறியபின் ஏதேனும் சாப்பிடக் கொடுங்கள். மயக்கமடைந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தகப்பனுடன் படகில் செல்லும் பையன் நீர் புகாத டப்பாவில் சர்க்கரை இல்லாமல் கரையை விட்டு இறங்கக் கூடாது. தனியாகவும் போகக் கூடாது.

மார்க்கம் பற்றிய கேள்விகள்

கேள்வி: மருந்தை நம்புவது தவக்குலுக்கு மாறானதல்லவா?

பதில்: அல்ல. சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளிடம், செய்துகொள்ளுமாறே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடும்படி அவர்கள் கற்றுத் தந்த பாடமும் நாமறிந்ததே. ஊசி போடுவது ஒட்டகத்தைக் கட்டுவது. ஷிபா அளிப்பவன் அல்லாஹ்.

கேள்வி: ஓதிப் பார்க்கலாமா?

பதில்: குர்ஆன் ஓதித் துஆ கேட்பது நல்லது, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் "ஓதிவிட்டேன், இனி ஊசி வேண்டாம்" என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராகத் தோன்றினாலும், கேட்காதீர்கள். மூலிகை மருந்து தருகிறேன், ஊசியை நிறுத்து என்பவருக்கும் இதே பதில்தான். நோய் வந்த தொடக்கத்தில் சிகிச்சை ஆரம்பித்த சில வாரங்களில் இன்சுலின் தேவை சிறிது காலம் குறைவதுண்டு. அதைப் பார்த்து "நோய் போய்விட்டது" என்று பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. அது நிற்காது. ஊசியை நிறுத்தினால் பிள்ளை சில நாட்களிலேயே ஆபத்தை அடையும்.

கேள்வி: இன்சுலின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவதாகச் சொல்கிறார்களே?

பதில்: முற்காலத்தில் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தார்கள். 1978இல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினை உண்டாக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டு, 1982இல் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இன்று நம்நாட்டில் பெருவழக்கில் இருப்பது இத்தகைய மருந்துதான். இந்த ஐயத்தால் ஊசியை மறுக்க இடமில்லை. வேறு வழியே இல்லாமல் உயிர் போகும் நிர்ப்பந்தம் வந்தால் ஷரீஅத் என்ன சலுகை தருகிறது என்பதையும் ஆலிம்கள் விளக்கியே இருக்கிறார்கள்.

கேள்வி: நோன்பில் ஊசி போட்டால் நோன்பு முறியுமா?

பதில்: ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997இல் கூடி ஆராய்ந்து, தோலுக்கடியில் போடும் மருந்து ஊசியால் நோன்பு முறியாது என்றும், பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதாலும் முறியாது என்றும் முடிவு கூறியது. உணவாகச் செலுத்தப்படும் ஊசி வேறு.

கேள்வி: எங்கள் பிள்ளை எல்லாரையும் போல நோன்பு வைக்க ஆசைப்படுகிறதே?

பதில்: ஆசை மெச்சத் தக்கது. ஆனால் பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே அல்ல. நோயாளிக்கு அல்குர்ஆனே, பகரா அத்தியாயத்தில், சலுகை அளித்திருக்கிறது. முதலாம் வகை நோயுள்ளவர்களுக்கு நோன்பு மிகுந்த ஆபத்தானது என்பது மருத்துவர்களின் கருத்து. பிள்ளையை ஸஹருக்கு எழுப்புங்கள், நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது உடன் வைத்துக்கொள்ளுங்கள், தராவீஹுக்கு அழைத்துச் செல்லுங்கள். பகலில் உண்பதற்காக ஒருவரும் கேலி செய்யவிடாதீர்கள். பருவமடைந்தவர் விஷயத்தில் மருத்துவரின் முடிவைப் பெற்று, ஆலிமிடம் கேட்டுக் களாவா, ஃபித்யாவா என்று அறிந்து நடக்க வேண்டும். தீராத நோயாளிக்கு ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளிப்பது ஃபித்யாவாகும். அதன் அளவு ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் வேறுபடும். மருத்துவர் அனுமதியுடன் நோன்பு வைத்தவருக்கும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ, மஃரிபுக்குச் சற்று நேரமே இருந்தாலும், உடனே நோன்பை விட்டுவிட வேண்டும்.

பெண்பிள்ளை விஷயத்தில்

நாம் மனம் வருந்தி எழுத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோயுற்றது பெண்பிள்ளை என்றால் சிகிச்சையில் சுணக்கம் காட்டுவோர் இருக்கின்றனர். "நாளை யார் கட்டுவார்?" என்று நோயை மறைக்கின்றனர். மறைத்து நிக்காஹ் செய்து கொடுத்தால், புகுந்த வீட்டில் அந்தப் பெண் ஊசியை ஒளித்துப் போட வேண்டும். ஒருநாள் போட முடியாமல் போகும். அன்று அவள் உயிருக்கு ஆபத்து. உண்மையைச் சொல்லியே சம்பந்தம் பேசுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் பெண், மருத்துவக் கண்காணிப்புடன் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்று வாழ முடியும். பெண்மக்களை வளர்ப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன நன்மாராயத்தை நினைத்துப் பாருங்கள்.

ஜமாஅத்தின் கடமை

ஒரு குடும்பத்தால் மட்டும் இதைச் சுமக்க முடியாது. மஹல்லா ஜமாஅத்துகள் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. பள்ளிவாசலிலோ, வசதியுள்ள ஒரு வீட்டிலோ உள்ள குளிர்பெட்டியில் பிள்ளையின் பெயரெழுதிய டப்பாவில் இருப்பு மருந்தை வைக்க இடம் தருதல்.
2. பரிசோதனைப் பட்டைகளுக்கும் மருத்துவமனைப் பயணத்துக்கும் ஸதகா நிதியிலிருந்து உதவுதல். குடும்பம் ஜகாத் பெறத் தகுதியுடையதாயின் ஜகாத்தையும் தரலாம்.
3. இரவில் அழைத்தால் வரக்கூடிய ஒரு வண்டியை ஏற்பாடு செய்து வைத்தல்.
4. மதரஸா உஸ்தாதுக்கும் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் நோயைப் பற்றிச் சொல்லிவைத்தல். பிள்ளை சிறுநீர் கழிக்க அனுமதி கேட்டாலும், பாடத்துக்கிடையே சாப்பிட்டாலும் தண்டிக்கக் கூடாது.
5. மழைக்காலத்துக்கு முன்பே ஒரு மாத மருந்து கையிருப்பில் உள்ளதா என்று விசாரித்தல்.

இந்த உதவி நம்மவருக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. லைட்ஹவுஸ் குப்பத்து மீனவச் சகோதரரின் பிள்ளைக்கு மருந்து வைக்க நம் பள்ளிவாசலின் குளிர்பெட்டி பயன்பட்டால், அதுவும் அண்டை அயலாரின் உரிமையை நிறைவேற்றுவதே ஆகும்.

ஊசி போடுவது ஒருநாள் வேலையல்ல. பிள்ளையின் ஆயுள் முழுவதும் நாள்தோறும் செய்ய வேண்டியது. தாய் சலிப்படைவாள், பிள்ளையும் அழும். தொழுகையை வேளை தவறாமல் பேணுவோர்க்கு இதையும் வேளை தவறாமல் பேணுவது கடினமல்ல. அந்தப் பொறுமைக்கு அல்லாஹ்விடம் நற்கூலி உண்டு. நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அவன் நல்ல ஆரோக்கியத்தையும், பெற்றோருக்கு மனவுறுதியையும் தந்தருள்வானாக. ஆமீன்.